பால் டப்பாவில் ஏன் குழந்தை படம் இல்லை?
அழுத்தக் குழுக்கள் பாடத்தை உயிருள்ளதாக்க ஒரு வழி

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலின் குடிமையியல் பகுதியில் தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள் மூன்றும் ஒரே பாடத்தில் வருகின்றன. தேர்தல் பகுதியை மாணவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். தெருவில் பார்த்த காட்சிதான் அது. கட்சிகளைப் பற்றியும் அவர்களிடம் சொல்வதற்கு நிறையவே இருக்கும். அழுத்தக் குழுக்கள் என்று தலைப்பை எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிடும். வணிகக் குழுக்கள், தொழிற்சங்கங்கள், விவசாயக் குழுக்கள், மாணவர் அமைப்புகள் என்று வகைப்படுத்தி, வகைக்கு இரண்டு எடுத்துக்காட்டு எழுத வைத்தால் தேர்வுக்குப் போதும். ஆனால் 'அழுத்தம் கொடுப்பது என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்?' என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை கிடைக்காது.

"அழுத்தம்னா மிரட்டுறதா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. மனு கொடுப்பதும் அழுத்தம். ஊர்வலம் போவதும் அழுத்தம். ஒரு பொருளை வாங்க மாட்டோம் என்று சொல்வதும், வழக்குப் போடுவதும், அமைச்சரைத் தனியாகச் சந்தித்துப் பேசுவதும், 'உங்கள் நாட்டுக்குத் தரும் சலுகையை நிறுத்திவிடுவோம்' என்று இன்னொரு நாடு சொல்வதும் அழுத்தமே. இவற்றில் சில மக்களாட்சியின் மூச்சு. சில அதன் கழுத்தை நெரிப்பவை. இரண்டையும் பிரித்துப் பார்க்க மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பட்டியலைவிட ஒரு முழு நிகழ்வு அதிகம் உதவும்.

நான் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, கைக்குழந்தைகளுக்கான பவுடர் பால் பற்றியது. இதற்குக் காரணங்கள் உண்டு. பொருள் எல்லா மாணவர்களுக்கும் தெரிந்தது. அரசுகள், நிறுவனங்கள், மக்கள் அமைப்புகள் என எல்லாத் தரப்பும் இதில் வருகின்றன. ஐம்பது ஆண்டுகளாக நடப்பது பொது ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. கடைசியாக, அதன் விளைவை நம் ஊர் மருந்துக் கடையிலேயே கையில் எடுத்துப் பார்க்கலாம்.

டப்பாவிலிருந்து தொடங்குவோம்

வகுப்புக்கு ஒரு காலி பவுடர் பால் டப்பாவைக் கொண்டு செல்லுங்கள். பிறந்த குழந்தைக்கு உரிய வகையாக இருக்கட்டும். அதனுடன் ஒரு பிஸ்கட் உறையையும், சத்துமாவு பானத்தின் உறையையும் வையுங்கள். மூன்றுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதச் சொல்லுங்கள்.

சிரிக்கும் குழந்தைகளின் படம் மற்ற உறைகளில் இருக்கலாம். குழந்தைக்கென்றே செய்த பாலின் டப்பாவில் குழந்தையும் இருக்காது, தாயும் இருக்க மாட்டார். பதிலாக, தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற பொருளில் ஒரு வாசகம் பெரிய எழுத்தில் இருக்கும். விற்பவரே தன் பொருளின் மேல் 'இதைவிடச் சிறந்தது ஒன்று உண்டு' என்று அச்சிட்டு விற்கிறார். எந்த வணிகரும் விரும்பி இதைச் செய்வாரா? செய்ய வைத்தது யார்? இந்தக் கேள்விதான் பாடத்தின் வாசல்.

பிரச்சினை என்ன?

தாய்ப்பால் சுரப்பு, குழந்தை சப்புவதைப் பொறுத்தது. சப்பச் சப்பச் சுரக்கும், நிறுத்தினால் குறையும். மகப்பேறு ஆன முதல் நாட்களில் புட்டிப்பால் பழகிவிட்டால், தாய்க்குச் சுரப்பு குறைந்துவிடும். பிறகு விரும்பினாலும் திரும்புவது கடினம். இலவசமாகக் கிடைத்த மாதிரி டப்பா தீரும்போது, வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்திருக்கும்.

வசதியுள்ள வீட்டில் இது செலவுக் கணக்கோடு நின்றுவிடலாம். நல்ல தண்ணீர் இல்லாத, விறகு வாங்கிப் புட்டியைக் கொதிக்க வைக்க வழியில்லாத வீட்டில் அது உயிர்க் கணக்கு. அசுத்த நீரில் கரைத்த பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். டப்பாவின் விலை தாங்காமல், பவுடரைக் குறைத்து நீரைக் கூட்டினால் குழந்தை மெலியும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு டப்பாவின் மேல் உள்ள அளவுக் குறிப்பால் பயனில்லை.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றியபோது, புரதக் குறைபாட்டால் வரும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகுக்கு விளக்கியவர். நம் அறிவியல் பாடத்தில் வரும் அதே குவாஷியோர்கர்தான். பின்னர் சிங்கப்பூரில் பணியாற்றினார். இனிப்பூட்டிய கெட்டிப்பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்றது என்று தாய்மார்களிடம் விற்றதை அங்கே கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டுப் பேசினார். ஆனால் ஒரு தனி மனிதரின் குரல் அழுத்தமாக மாற மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அழுத்தம் உருவாக உண்மை மட்டும் போதாது, அமைப்பும் வேண்டும் என்பதை மாணவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடலாம்.

மக்கள் கொடுத்த அழுத்தம்

1960களிலும் 70களிலும் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளில் பவுடர் பால் விற்பனை வேகமாக வளர்ந்தது. செவிலியர் போன்ற சீருடை அணிந்த விற்பனைப் பெண்கள் மகப்பேறு மருத்துவமனைகளுக்கும் வீடுகளுக்கும் சென்றார்கள். இலவச மாதிரிகள் தரப்பட்டன. 1974இல் பிரிட்டனைச் சேர்ந்த 'வார் ஆன் வான்ட்' என்ற அமைப்பு இதைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் ஒரு குழு அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, இத்துறையின் மிகப் பெரிய நிறுவனமான நெஸ்லேயின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு, அது குழந்தைகளைக் கொல்கிறது என்று அச்சிட்டது. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது.

1976இல் தீர்ப்பு வந்தது. தலைப்பு அவதூறானதுதான் என்று நீதிமன்றம் ஏற்றது. குழுவினருக்குச் சிறு தொகை அபராதம் விதித்தது. கூடவே, நிறுவனம் தன் விளம்பர முறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் நீதிபதி சொன்னார். சட்டப்படி வென்றது நிறுவனம். ஆனால் சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்த செய்தியை அந்த வழக்கு பல நாடுகளின் நாளிதழ்களுக்குக் கொண்டு சேர்த்துவிட்டது.

1977 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் 'இன்ஃபாக்ட்' என்ற கூட்டமைப்பு நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. புறக்கணித்தது பவுடர் பாலை மட்டுமல்ல. காபி, சாக்லேட் உள்ளிட்ட எல்லாவற்றையும். இதில் உள்ள நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட தாய்மார்கள் ஏழை நாடுகளில் இருந்தார்கள். நிறுவனத்தைப் பாதிக்கும் அளவுக்கு வாங்கும் சக்தி அவர்களிடம் இல்லை. அந்தச் சக்தி இருந்த வாடிக்கையாளர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். ஒருவரின் துன்பத்தையும் இன்னொருவரின் சக்தியையும் இணைப்பதே அழுத்தக் குழுவின் வேலை.

வேறு வழிகளும் கையாளப்பட்டன. அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபை, தான் பங்கு வைத்திருந்த பிரிஸ்டல் மையர்ஸ் நிறுவனத்தின் மீது பங்குதாரர் என்ற உரிமையில் வழக்குத் தொடர்ந்தது. 1978 மே மாதம் அமெரிக்க செனட்டில் எட்வர்டு கென்னடி தலைமையில் விசாரணை நடந்தது. தூய நீர் இல்லாத, எழுத்தறிவு இல்லாத இடங்களில் இந்தப் பாலை விற்பது சரியா என்பது அங்கே வெளிப்படையாகக் கேட்கப்பட்டது. 1979இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஜெனீவாவில் கூட்டிய கூட்டத்தில், அரசுகளும் நிறுவனங்களும் மக்கள் அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்தன. பல நாட்டு அமைப்புகளை இணைத்து, குழந்தை உணவுக்கான பன்னாட்டுச் செயல் வலையமைப்பு அப்போதுதான் உருவானது.

நிறுவனங்கள் கொடுத்த அழுத்தம்

எதிர்த்தரப்பும் கை கட்டி நிற்கவில்லை. அவர்களுடைய வழிகளையும் குறைக்காமல் கற்பிக்க வேண்டும். தங்கள் நலனைக் காக்கப் பேசும் உரிமை வணிகர்களுக்கும் உண்டு; அதனால்தான் பாடநூலும் வணிகக் குழுக்களை அழுத்தக் குழுக்களின் பட்டியலில் வைக்கிறது.

செனட் விசாரணையில் நிறுவனத்தின் பிரதிநிதி, இந்தப் புறக்கணிப்பு தடையற்ற வணிக முறையின் மீதே தொடுக்கப்பட்ட தாக்குதல் என்று வாதிட்டார். பேச்சு குழந்தையின் உடல்நலத்திலிருந்து வணிகச் சுதந்திரத்துக்கு மாறியது. பேசுபொருளை மாற்றுவது ஒரு வழி.

1981இல் நெஸ்லே வாஷிங்டனில் ஊட்டச்சத்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கியது. எதிர்ப்பாளர்களை, குறிப்பாக மத அமைப்புகளை, அணுகிப் பேசி நிலைமையை மாற்றுவது அதன் பணியாக இருந்தது. அடுத்த ஆண்டு, தன் நடத்தையைத் தணிக்கை செய்ய, முன்னாள் அமெரிக்க வெளியுறவுச் செயலர் எட்மண்ட் மஸ்கியின் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது. மதிப்புள்ள மனிதரை முன்னால் நிறுத்துவது இன்னொரு வழி. 1984இல் உடன்பாடு ஏற்பட்டுப் புறக்கணிப்பு நிறுத்தப்பட்டது. மருத்துவமனைகளுக்கு இலவசப் பால் தருவது தொடர்கிறது என்ற குற்றச்சாட்டில் 1988இல் மீண்டும் தொடங்கியது.

மூன்றாவது வழி மிக அமைதியானது: மருத்துவர்களையும் செவிலியர்களையும் அணுகுவது. மாநாட்டுச் செலவு, ஆராய்ச்சி நிதி, அன்பளிப்பு, பயிற்சி வகுப்பு என்று அது பல வடிவங்களில் வரும். தாய் விளம்பரத்தைச் சந்தேகிக்கலாம். மருத்துவரின் சொல்லைச் சந்தேகிப்பது அரிது. அழுத்தம் எப்போதும் அதிகாரத்தில் இருப்பவரை நோக்கி மட்டும் போவதில்லை. நம்பிக்கைக்கு உரியவரை நோக்கியும் போகும். ஆசிரியர்களாகிய நாமும் நம்பிக்கைக்கு உரியவர்கள் என்பதால், பள்ளி வாசலுக்கு இலவசப் பொருளோடு வரும் நிறுவனங்களைப் பற்றி இந்த இடத்தில் சற்று யோசிக்கலாம்.

அரசின் மீது அரசு

1981 மே 21 அன்று உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களைச் சந்தைப்படுத்துவது குறித்த பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மார்களுக்கு இலவச மாதிரி கூடாது, மருத்துவமனைகளை விற்பனைக் களமாக்கக் கூடாது என்பவை அதன் சாரம். ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. மூன்று நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்து வாக்களித்தது ஒரே நாடு, அமெரிக்கா. வணிகத்தையும் பேச்சுரிமையையும் நெறிமுறை கட்டுப்படுத்துகிறது என்பது ரீகன் அரசின் வாதம். அந்த முடிவை ஏற்க முடியாமல், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையைச் சேர்ந்த மூத்த அதிகாரிகள் இருவர் பதவி விலகினார்கள்.

இந்த நெறிமுறை ஒரு பரிந்துரை மட்டுமே. ஒவ்வொரு நாடும் தனக்கென்று சட்டம் இயற்றினால்தான் அது கட்டுப்படுத்தும். எனவே அழுத்தத்தின் களம் ஜெனீவாவிலிருந்து ஒவ்வொரு நாட்டின் தலைநகருக்கும் நகர்ந்தது.

பிலிப்பைன்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நாடு 1986இலேயே பால் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2006இல் அதன் சுகாதாரத் துறை விதிகளை இன்னும் கடுமையாக்கியது. மருந்து நிறுவனங்களின் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த ஆண்டு ஆகஸ்டு 11 அன்று, அமெரிக்க வணிகச் சபையின் தலைவர் பிலிப்பைன்ஸ் அதிபர் அரோயோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த விதிகள் முதலீட்டாளர்களின் நம்பிக்கையைப் பாதிக்கும் என்பது அதன் பொருள். ஆகஸ்டு 15 அன்று உச்ச நீதிமன்றம் விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இங்கே வகுப்பைச் சற்று நிறுத்துங்கள். "கடிதத்தால்தான் தடை வந்தது" என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். கடிதம் எழுதப்பட்டது உண்மை. நான்கு நாளில் தடை வந்ததும் உண்மை. ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்தது என்பதற்கு இவை மட்டும் ஆதாரம் ஆகாது. அடுத்தடுத்து நடந்த இரண்டு செய்திகளைக் காரணமும் விளைவுமாகக் கட்டிவிடும் பழக்கத்தைத் திருத்த, இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தாய்மார்களும் சும்மா இருக்கவில்லை. அதே 2006இல் மணிலாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் ஒரே இடத்தில் கூடி ஒரே நேரத்தில் பாலூட்டி உலக சாதனை படைத்தார்கள். 2007 அக்டோபரில் இறுதித் தீர்ப்பு வந்தது. விளம்பரத்தை முற்றாகத் தடை செய்த விதி நீக்கப்பட்டது. மற்ற விதிகளில் பெரும்பாலானவை நிலைத்தன. இரு தரப்புக்கும் பாதி வெற்றி. மக்களாட்சியில் அழுத்தம் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

அண்மைய நிகழ்வு 2018இல் நடந்தது. தாய்ப்பாலூட்டலைக் காக்கவும் ஊக்குவிக்கவும் வலியுறுத்தும் ஒரு தீர்மானத்தை உலக சுகாதாரப் பேரவையில் கொண்டுவர ஈக்வடார் ஆயத்தமாக இருந்தது. கடைசி நேரத்தில் பின்வாங்கியது. வணிக நடவடிக்கை எடுப்போம், ராணுவ உதவியை நிறுத்துவோம் என்று அமெரிக்கத் தரப்பு எச்சரித்ததே காரணம் என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. வேறு பல சிறிய நாடுகளும் முன்வரத் தயங்கின என்றும் அச்செய்தி கூறியது. அதிபர் டிரம்ப் அதை மறுத்தார்; தாய்ப்பாலை அமெரிக்கா ஆதரிக்கிறது, பவுடர் பால் தேவைப்படும் பெண்களுக்கு அது மறுக்கப்படக் கூடாது என்பதே எங்கள் நிலை என்றார். கடைசியில் தீர்மானத்தை முன்மொழிந்தது ரஷ்யா. பேரவை பெருமளவு அதை ஏற்றது.

சிறிய நாடு பின்வாங்கிய இடத்தில் பெரிய நாடு நின்றது. தீர்மானத்தின் சொற்களில் பெரும்பாலானவை மாறவில்லை; முன்மொழிந்தவரின் வலிமைதான் பெரிதும் மாறியது. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான அழுத்தத்தில் நியாயத்தோடு எடையும் பேசுகிறது என்பதை இது காட்டுகிறது.

இந்தியாவில் நடந்தது

இந்தியா 1983இல் ஒரு தேசிய நெறிமுறையை அறிவித்தது. அது தானாகப் பின்பற்ற வேண்டிய ஒன்று. சட்டம் வர மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பாலூட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் ஆகியவற்றின் உற்பத்தி, வழங்கல், விநியோகத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1992இல் இயற்றப்பட்டு, 1993 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம் என்பதும், அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது கொண்டாடப்படுவதும் நம் மாணவர்களுக்குத் தெரிந்ததே.

டப்பாவில் தாய், குழந்தை படங்களைத் தடுத்ததும், தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வைத்ததும் இந்தச் சட்டம்தான். விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் அது தடை செய்கிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மேலும் வலுவாக்கியது. இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளை ஊக்குவிக்கும் விளம்பரமும், மருத்துவப் பணியாளர்களின் கருத்தரங்குகளுக்கு நிறுவனங்கள் பணம் தருவதும் தடைக்குள் வந்தன. இன்னொரு சிறப்பும் உண்டு. சட்டத்தை மீறுவோர் மீது நீதிமன்றத்தில் புகார் செய்ய, அரசு அறிவிக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் சட்டம் இடம் தருகிறது. வெளியே நின்று குரல் கொடுத்தவர்களுக்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு நாற்காலி கிடைத்தது.

சட்டம் தடுப்பது விற்பனையை அல்ல, விற்பனைத் தூண்டுதலை. தாயை இழந்த குழந்தைக்கும், மருத்துவக் காரணத்தால் பாலூட்ட இயலாத தாய்க்கும் பவுடர் பால் தேவை. இதை வகுப்பில் தெளிவாகச் சொல்லுங்கள். புட்டிப்பாலில் வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருப்பார்கள். எந்தத் தாயையும் குறை சொல்லும் பாடமாக இது மாறிவிடக் கூடாது.

சட்டம் வந்ததோடு அழுத்தம் நின்றுவிடவில்லை. இந்தப் பகுதியை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில இந்த டப்பா பேரை எழுதிக் கொடுத்தாங்க டீச்சர். அது தப்பா?" என்றாள். மருத்துவக் காரணம் இருந்திருக்கலாம் என்றேன். "காரணம் என்னன்னு அக்கா கேட்டிருக்கலாமா?" என்று திரும்பக் கேட்டாள். கேட்கலாம், கேட்க வேண்டும். நான் அந்த வகுப்பில் சொன்ன எதையும்விட அந்தக் கேள்விதான் குடிமையியல்.

2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொடர், தாய்ப்பாலூட்டல் உலகெங்கும் போதிய அளவு பரவினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,23,000 குழந்தை இறப்புகளைத் தடுக்கலாம் என்று கணித்தது. அதே இதழின் 2023ஆம் ஆண்டுத் தொடர், பவுடர் பாலின் ஆண்டு விற்பனை சுமார் 5,500 கோடி டாலர் என்றது. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் போட்டால், இத்தனை ஆண்டுகளாக இந்த இழுபறி ஏன் ஓயவில்லை என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வகுப்பறையில் செய்து பார்க்க

உயர்நிலை வகுப்புகளில் இதை ஒரு நடிப்புச் செயல்பாடாகச் செய்யலாம். மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள்: பால் நிறுவனம், தாய்மார்கள் அமைப்பு, மருத்துவர்கள், வெளிநாட்டு அரசு, நம் நாட்டின் சுகாதார அமைச்சகம். புதிய விளம்பரத் தடைச் சட்டம் வேண்டுமா என்று அமைச்சகக் குழு முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு குழுவும் மூன்று நிமிடம் எல்லோர் முன்பும் பேசட்டும். அடுத்து, நிறுவனக் குழுவும் வெளிநாட்டு அரசுக் குழுவும் மட்டும் அமைச்சகத்தோடு வராந்தாவில் இரண்டு நிமிடம் தனியாகப் பேசட்டும். பிறகு அமைச்சகம் முடிவை அறிவிக்கட்டும்.

என் வகுப்பில் முடிவு வருவதற்கு முன்பே தாய்மார்கள் அமைப்பாக இருந்த மாணவர்கள் கொதித்துவிட்டார்கள். "அவங்க மட்டும் தனியா பேசினா எப்படி டீச்சர்? என்ன பேசினாங்கன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார்கள். மறைவான அழுத்தம் ஏன் ஆபத்தானது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 எதற்காக என்பதை அந்தச் சூட்டிலேயே சொல்லிவிடலாம். மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், தமிழ்நாடு தனக்கென்று அப்படி ஒரு சட்டம் இயற்றியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செயல்பாடு முடிந்ததும் எந்த அழுத்தத்துக்கும் பொருந்தும் ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதலாம்.

1. அழுத்தம் கொடுப்பவர் யார்? அவருக்கு இதில் என்ன நலன்?
2. யாரை அழுத்துகிறார்? அரசையா, மக்களையா, மருத்துவர் போன்ற நம்பிக்கைக்கு உரியவரையா?
3. எதைக் கொண்டு அழுத்துகிறார்? சான்றா, எண்ணிக்கையா, பணமா, அச்சமா?
4. எல்லோரும் பார்க்கும்படி நடக்கிறதா, மறைவிலா?
5. முடிவால் அதிகம் பாதிக்கப்படுபவருக்கு அங்கே பேச இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அவருக்காகப் பேசுபவர் யார்?

ஐந்தாவது கேள்வியே முக்கியமானது. இந்த நிகழ்வில் அதிகம் பாதிக்கப்படும் கைக்குழந்தைக்குப் பேச்சே வராது. பேசத் தெரியாதவருக்காகப் பேச வருவோரை நாம் வரவேற்க வேண்டும். ஆனால் அவர்களிடமும் முதல் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். நல்ல நோக்கத்துக்காகப் பேசிய சுவிஸ் குழுவின் தலைப்பையும் நீதிமன்றம் அவதூறு என்றது என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது.

தொடக்க வகுப்புகளுக்கு இத்தனை செய்திகள் தேவையில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் தின்பண்ட உறைகளைச் சேகரித்து வரச் சொல்லுங்கள். உறையில் யாருடைய படம் இருக்கிறது, அது யாரைக் கூப்பிடுகிறது, உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிய செய்தி எங்கே, எவ்வளவு சிறிய எழுத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். 'இது என்னை என்ன செய்யச் சொல்கிறது?' என்ற கேள்வி பத்து வயதில் பழகிவிட்டால், பதினெட்டு வயதில் தேர்தல் துண்டறிக்கையைக் கையில் வாங்கும்போதும் அது உதவும்.

நிறைவாக ஒரு சொல். ஆசிரியர் சங்கங்களும் அழுத்தக் குழுக்கள்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி கேட்கும் பெற்றோரும் அழுத்தமே கொடுக்கிறார். அழுத்தம் என்ற சொல்லை மாணவர்கள் அச்சத்தோடோ அருவருப்போடோ பார்க்க வேண்டியதில்லை. வாக்களிப்பது ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள். இடைப்பட்ட நாட்களில் குடிமக்கள் பேசும் மொழி அது. அந்த மொழியைச் சான்றோடும் வெளிப்படையாகவும் பேசக் கற்றுக்கொடுப்பது நம் வேலை. அடுத்த முறை இந்தப் பாடத்துக்குப் போகும்போது, பாடநூலோடு ஒரு காலி டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.